ஒரு வரியிலிருந்து ஓர் இரவு

சென்னையிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே போனால் மதுரவாயலுக்கு அப்பால் வேலப்பன்சாவடி. வலப்பக்கம் திரும்பினால் திருவேற்காடு. நேரே போனால் குமணன்சாவடி, கரையான்சாவடி, பூந்தமல்லி. காஞ்சிபுரத்துக்கும் பட்டணத்துக்கும் இடையே நடந்தவர்களும் வண்டி கட்டியவர்களும் தங்கிப் போன காலத்தை இந்தப் பெயர்கள் இன்னும் வைத்திருக்கின்றன. இப்போது அங்கே கல்லூரிகளும் மருத்துவமனைகளும் கல்யாண மண்டபங்களும் நிற்கின்றன. இன்னும் சற்று மேற்கே செம்பரம்பாக்கத்தில், பிக் பாஸ் வீடு போடப்படும் ஈ.வி.பி. பிலிம் சிட்டி. வெளிநாட்டில் புகழ்பெற்ற ஒரு நிகழ்ச்சியின் கிளை இந்தச் சாலையோரத்தில் தமிழில் தயாராகிறது. அதில் புதுமை ஒன்றும் இல்லை. இந்தச் சாலை ஊடுருவிச் செல்லும் தொண்டைமண்டலம், ஒரு பெருங்கதையிலிருந்து கிளைக்கதைகளைப் பிரித்தெடுத்துத் தனியாக நிகழ்த்திக் காட்டுவதில் மிக நீண்ட அனுபவம் உள்ள நிலம். அந்தப் பெருங்கதை பாரதம். அறிவியல் புனைகதைத் தொடர்களின் கிளைத்தொடர்களைப் பற்றி இன்று உலகமெங்கும் நடக்கும் விவாதத்துக்கு இந்த நிலத்தின் அனுபவம் உருப்படியான பதில்களை வைத்திருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கிளைக்கதைக்கு உயிர் கொடுப்பது புதிய முடிவு அல்ல. தாய்க்கதை ஒரு வரியில் கடந்துபோன மனிதரிடம் திரும்பிச் சென்று, அவர் கொடுத்த விலையைக் கணக்குப் பார்ப்பதுதான்.

முதலில் தாய்க்கதை இந்த மண்ணில் எப்படி நிலைத்தது என்று பார்க்க வேண்டும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஓர் ஊர். 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் அங்குள்ள சிவன் கோயிலுக்குக் கொடுத்த செப்பேட்டில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. விளக்குக்கும் தண்ணீருக்கும் போலவே கதை சொல்பவருக்கும் ஊர் ஒரு நிரந்தர வருமானம் வைத்திருந்தது. 9-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். பின்னர் வில்லிபுத்தூரார் 4,300-க்கு மேற்பட்ட விருத்தங்களில் பாரதத்தைச் சுருக்கி, போர் முடிந்த இடத்தோடு நிறுத்தினார். அந்தச் சுருக்கம் தொண்டைமண்டலத்துக்குப் போதவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து முதலம்பேட்டைச் சேர்ந்த நல்லாப்பிள்ளை, வில்லியின் பாடல்களை உள்ளே வைத்துக்கொண்டே தன் பாடல்களைச் சேர்த்து, ஏறத்தாழ 14,000 பாடல்களாக விரித்தார். ஒருவர் சுருக்கியதை இன்னொருவர் மூன்று மடங்குக்கு மேல் விரித்தார். கேட்பவர்கள் இரண்டையும் பாரதம் என்றே ஏற்றார்கள். தாய்க்கதை என்பது ஒரு முறை எழுதி முத்திரை வைத்த ஆவணம் என்ற எண்ணமே இங்கே இருந்ததில்லை.

இதற்கு மேல்தான் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வருகிறது. தருமராஜா கோயில் என்றும் இதைச் சொல்வார்கள். சென்னைக்குள்ளேயே சைதாப்பேட்டையில் ஒரு தெருவுக்கு அந்தப் பெயர் இருக்கிறது. திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் வில்லியின் பாட்டைச் சொல்லிப் பொருள் விரித்துக் கதையை வரிசையாக நகர்த்துவார். இரவில் கூத்துக் குழு அந்த வரிசையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்து விடியும் வரை ஆடும்: வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கீசகன் வதம், கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு வதம், கர்ண மோட்சம். கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் மேல் போர் முடியும், திரௌபதி கூந்தல் முடிவாள், பிறகு தீமிதி. பகலில் பிரசங்கியார் ஒரு மணி நேரத்தில் தாண்டிப் போகும் பகுதிக்கு இரவில் கூத்துக்காரர்கள் எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வேக வித்தியாசத்தில்தான் கிளைக்கதை பிறக்கிறது. எட்டு மணி நேரத்தைப் போரால் மட்டும் நிரப்ப முடியாது. யாராவது வாய் திறந்து பேசியாக வேண்டும். தாய்க்கதை யாரைப் பேச விடவில்லையோ அவர்களிடம்தான் பேசாத சொற்கள் மிச்சம் இருக்கும்.

கர்ண மோட்சத்தை எடுத்துக்கொள்வோம். வியாச பாரதத்தில் கர்ணனின் மனைவிக்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை. கூத்தில் அவளுக்குப் பொன்னுருவி என்று பெயர். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் முன் கர்ணன் விடைபெற வருகிறான். அவன் தேரோட்டி வளர்த்த பிள்ளை என்ற எண்ணத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவள் அவள். பிறப்பைச் சொல்லி அவள் குத்துகிறாள். அவன் பதில் சொல்கிறான். அவன் யார் என்பது தெரியவரும்போது அவனுக்கு நேரம் இல்லை. இருவருக்கும் நடக்கும் அந்த வாதமும் பிரிவும் இரவின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. அர்ச்சுனனின் அம்பும், அந்தண வேடத்தில் வந்து புண்ணியத்தைத் தானமாகக் கேட்கும் கிருஷ்ணனும் விடியற்காலைக்குத்தான் வருகிறார்கள். குருச்சேத்திரத்தின் அரசியலுக்கு இந்த வீட்டுச் சண்டையால் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் பிறப்பைப் பற்றிய அவமானம் சபையில் மட்டுமா நடந்தது, படுக்கையறை வரை வந்ததா என்ற கேள்வியைத் தாய்க்கதை கேட்கவே இல்லை, கூத்து கேட்டது. அதே போலத் துரியோதனனின் மனைவிக்குப் பெருந்திருவாள் என்று பெயர் வைத்து, பதினெட்டாம் போரில் அவளையும் புலம்ப வைத்தது. வென்றவர்களுக்காக எடுக்கும் திருவிழாவில் தோற்றவன் வீட்டு அழுகைக்கும் இடம் உண்டு என்பது சிறிய விஷயமல்ல.

இதோடு சேர்த்து வைத்துப் பார்க்கத் தகுந்த தொடர் ‘ஆண்டோர்’. 1977-இல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் தொடக்க எழுத்தில் ஒரு செய்தி ஓடும்: பேரரசின் மாபெரும் ஆயுதத்துடைய வரைபடத்தைக் கிளர்ச்சிக்காரர்களின் ஒற்றர்கள் திருடிவிட்டார்கள் என்பது அதன் சாரம். அந்த ஒற்றர்கள் யார் என்று அந்தப் படம் சொல்லவில்லை. 39 ஆண்டுகள் கழித்து, 2016-இல், ‘ரோக் ஒன்’ படம் அவர்களுக்கு முகம் கொடுத்தது. வரைபடத்தை அனுப்பிவிட்டு அவர்கள் எல்லாரும் இறந்துபோகிறார்கள். அவர்களில் ஒருவன் காசியன் ஆண்டோர். 2022-இல் டோனி கில்ராய் உருவாக்கத்தில் 12 பகுதிகளும் 2025-இல் இன்னும் 12 பகுதிகளும் அவனுடைய முந்தைய ஐந்து ஆண்டுகளைச் சொல்கின்றன. திரையில் ஒரு நிமிடம் ஓடிய எழுத்து 24 பகுதிகள் கொண்ட தொடராயிற்று. அந்தத் தொடரில் ஒளிவாள் ஏந்திய ஜெடாய் வீரர்கள் கிடையாது. சிறையில் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இயந்திர உறுப்புகளைப் பூட்டும் கைதிகள், கிளர்ச்சிக்குப் பணம் மறைத்து அனுப்பும் மேலவை உறுப்பினர் மோன் மாத்மா, அந்தப் பணத்தை மறைக்கவே தன் மகளின் கல்யாணத்தை ஒத்துக்கொள்ள நேரும் நிலை, பழுது பார்க்கும் தொழிலாளர் ஊரில் ஒரு முதிய பெண்ணின் சாவு ஊர்வலம் என்றுதான் கதை போகிறது. முதல் பருவம் முடிந்தபின் வரும் காட்சியில், கைதிகள் பூட்டிய உறுப்புகள் அந்த மாபெரும் ஆயுதத்தில்தான் பொருத்தப்படுகின்றன என்று தெரிகிறது. காசியனைக் கடைசியில் கொல்லும் ஆயுதத்தை அவன் கையே செய்திருக்கிறது. பொன்னுருவி கர்ணனிடம் வாதாடும் இரவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தத் தொடரின் நடை அந்நியமாக இருக்காது. பெரிய போருக்கு வெளியே நின்று, போர் யார் வீட்டில் எதை எடுத்துக்கொண்டது என்று இரண்டும் பார்க்கின்றன.

முடிவு தெரிந்த கதையில் என்ன சுவாரசியம் என்பது இத்தகைய கிளைத்தொடர்கள் மேல் வைக்கப்படும் முதல் ஆட்சேபம். காசியன் சாகப்போகிறான் என்று தெரியும். அப்படியிருக்க அவன் சிறையிலிருந்து தப்புவானா என்று ஏன் பதற வேண்டும்? இந்த ஆட்சேபம் சரியாக இருந்தால் கர்ண மோட்சம் என்ற கூத்தே இருந்திருக்கக் கூடாது. பெயரிலேயே முடிவைச் சொல்லிவிட்ட நாடகம் அது. அபிமன்யு வதம், கீசகன் வதம், அரவான் களபலி எல்லாமே அப்படித்தான். சாவைத் தலைப்பில் எழுதி, தாம்பூலம் வைத்து, குழுவை வரவழைத்து, ஊர் மொத்தமும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை எடுத்துவிட்டால் இன்னொன்று அந்த இடத்தில் வந்து உட்காருகிறது: இந்த மனிதனுக்கு எப்போது தெரியும், தெரிந்தபின் என்ன செய்வான் என்பது. கர்ணன் போருக்குக் கிளம்பும்போது அவனுக்குத் தெரியாதது பார்ப்பவர் அனைவருக்கும் தெரியும். அவன் பொன்னுருவியிடம் சொல்லும் சாதாரணச் சொல்லிலும் அந்த அறிவு கனம் ஏற்றுகிறது. முடிவு திறந்திருக்கும் கதையால் இந்தக் கனத்தைத் தர முடியாது. ஆகவே கிளைக்கதைக்குத் தாய்க்கதை போடும் கட்டு ஒரு குறையல்ல. அதன் முதலீடே அதுதான்.

இரண்டாவது ஆட்சேபம் காசு பற்றியது, அது லேசாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. புகழ்பெற்ற பெயரைப் பிழிந்து சம்பாதிக்கத்தான் கிளைத்தொடர்கள் எடுக்கப்படுகின்றன என்பது பெரும்பாலும் உண்மை. தமிழ்க் கிளைக்கதைகளின் வரலாற்றிலும் காசு வெளிப்படையாகவே இருக்கிறது. வில்லிபாரதத்தில், தீர்த்த யாத்திரை போகும் அர்ச்சுனன் பாண்டியன் மகள் சித்திராங்கதையை மணக்கும் பகுதி சிறியது. அந்தச் சிறிய இடத்தைச் சுற்றி மதுரையை ஆளும் அல்லி என்ற அரசி வளர்ந்தாள். அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, அல்லியின் மகனைப் பற்றிய புலந்திரன் களவு மாலை என்று கதைகள் பெருகின. விற்பனைக்காக அவற்றின் மேல் புகழேந்திப் புலவர் பெயர் போடப்பட்டது. நளவெண்பா பாடிய புகழேந்திக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்பதே அறிஞர்களின் முடிவு. சென்னை அச்சகங்கள் பெரிய எழுத்துப் புத்தகங்களாக இவற்றைக் குறைந்த விலையில் அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பின. சங்கரதாஸ் சுவாமிகள் பவளக்கொடியை மேடைக்கு எழுதினார். 1934-இல் கே. சுப்ரமணியம் அதைப் படமாக எடுத்தார், எம்.கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்தது அந்தப் படத்தில்தான். ஒவ்வொரு படியிலும் யாரோ லாபம் பார்த்தார்கள். ஆனால் லாபம், ஒரு கதை ஏன் அச்சானது என்பதைத்தான் விளக்கும்; அது ஏன் வாய்விட்டுப் படிக்கப்பட்டது என்பதை விளக்காது. அச்சகம் விற்ற எல்லாமும் நிலைக்கவில்லை. அல்லி நிலைத்தாள், ஏனென்றால் ஆண் துணையின்றி ஆளும் பெண்ணைப் பாரதம் இந்த அளவுக்கு நடுவில் வைத்துப் பார்க்கவில்லை. கேட்பவர்களுக்கு அவள் தேவைப்பட்டாள்.

அல்லியிடமே இந்தக் கலையின் தோல்வியையும் பார்க்கலாம். அவள் அர்ச்சுனனை வேண்டாம் என்கிறாள். அவன் மாறுவேடங்களில் வந்து, கடைசியில் பாம்பாகப் படுக்கையறைக்குள் நுழைந்து, தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். பின்னால் நின்று வழி செய்து கொடுப்பவன் கிருஷ்ணன். தன் சொல்லால் நிற்கும் ஒருத்தியை உருவாக்கிய கதை, தாய்க்கதையின் நாயகன் தோற்கக் கூடாது என்பதற்காக அவளுடைய சம்மதத்தையே பறித்துவிட்டது. கிளைக்கதைக்கு நேரும் மிகப் பெரிய ஆபத்து இதுதான். தாய்க்கதையின் பெரிய முகங்கள் உள்ளே வந்த கணத்தில் கதை அவர்களுக்கு ஊழியம் செய்யத் தொடங்குகிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ குடும்பத்தின் வேறு சில தொடர்களில் பழைய நாயகர்கள் வந்து நின்றதும் கைதட்டல் எழுகிறது, கதை நின்றுவிடுகிறது. எதிர் உதாரணம் வடபழனி வாஹினி ஸ்டுடியோவில் உருவான ‘மாயாபஜார்’. 1957-இல் கே.வி. ரெட்டி இயக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் வந்த அந்தப் படத்தின் கதை, அபிமன்யு பலராமன் மகளை மணப்பது. வியாசர் சொல்லாத கல்யாணம் அது. பாரதப் படம் என்று பெயர், ஆனால் பாண்டவர் ஐவரும் திரைக்கு வருவதே இல்லை. அவர்கள் காட்டில் இருக்கிறார்கள் என்ற நிலை மட்டும் கதையைத் தள்ளுகிறது. அந்த வெற்றிடத்தில் கடோத்கஜன் நாயகனாக நிமிர்கிறான். ஐவரை வெளியே நிறுத்திய அந்தத் துணிச்சலும் ஜெடாய்களை வெளியே நிறுத்திய துணிச்சலும் ஒரே புரிதலிலிருந்து வந்தவை.

தமிழின் சொந்த அறிவியல் புனைகதையிலும் இந்தப் பாடம் இருக்கிறது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் தொடராக வந்து, பின்னர் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் கணவனைத் தேடும் நிலாவின் கதை அது. இயந்திர நாய் ஜீனோ துணைப் பாத்திரம். அடுத்த நாவலுக்கு சுஜாதா வைத்த பெயர் ‘மீண்டும் ஜீனோ’. அரியணையில் நிலா, ஆனால் கதையின் நடுவில் நாய். மனிதர்கள் அதிகாரத்துக்காக என்ன செய்வார்கள் என்பதை மனிதரல்லாத ஒன்றின் கண்ணால் பார்க்க இந்த இடமாற்றம் வழி செய்தது. முதல் நாவலை அப்படியே நீட்டியிருந்தால் இன்னொரு புரட்சிக் கதை கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது ஆட்சேபம் மரபுக்காரர்களுடையது: கிளைகள் மூலத்தைக் கெடுக்கின்றன, முன்னுக்குப் பின் முரணாக்குகின்றன. இதற்கு அரவானைவிடக் கடினமான சோதனை கிடையாது. வடமொழிப் பாரதத்தில் அர்ச்சுனனுக்கும் நாககன்னிக்கும் பிறந்த இராவான் எட்டாம் நாள் போரில் ஓர் அரக்கனால் கொல்லப்படுகிறான். தமிழில் அவன் போருக்கு முன்பே காளிக்குக் களபலி ஆகிறான். இரண்டும் எப்படி உண்மையாகும்? தமிழ்ப் பாரதம் எதையும் வெட்டி எறியவில்லை. பலியான பின்னும் போர்க்களத்தைக் காணும் வரம் அவனுக்குக் கிடைக்கிறது. கூத்து மரபில் வெட்டுண்ட தலை பதினெட்டு நாள் போரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. முரணைத் தீர்க்கப் போன இடத்தில் பாரதத்தின் மிக வலிமையான படிமங்களில் ஒன்று பிறந்திருக்கிறது: வெற்றிக்காகத் தன் பக்கத்தாராலேயே கொல்லப்பட்டவன், அந்த வெற்றி எப்படி வாங்கப்படுகிறது என்பதை இமைக்காமல் பார்க்கிறான். கூவாகத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் திருநங்கைகள் தாலி கட்டி, மறுநாள் அறுத்து அழுவது இந்தக் கிளையின் தொடர்ச்சிதான். மூலத்தைக் காக்கிறோம் என்று யாராவது களபலியை நீக்கியிருந்தால் நாம் இழந்திருப்பது எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கலாம். முரணே தவறு என்பவர்கள், அந்த முரண் என்ன ஈன்றது என்பதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

தாய்க்கதை தெரியாமல் புதிதாக வருபவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு மட்டும் இன்றைய தொடர்களைவிடக் கூத்திடம் நல்ல ஏற்பாடு இருக்கிறது. கட்டியக்காரன் முதலில் வருகிறான். திரைக்குப் பின்னால் நின்று பாடும் வேஷக்காரரிடம் நீர் யார், எந்த நாடு, எதற்கு வந்தீர் என்று கேட்கிறான். பாத்திரம் தன் வரலாற்றைத் தானே சொல்லியாக வேண்டும். கட்டியக்காரன் அதே இரவில் சேவகன், தூதன், ஊர்க்காரன் என்று மாறி மாறி வருவான். ராஜாவைக் கிண்டல் செய்வான். உள்ளூர் விலைவாசியையும் பேசுவான். புதியவருக்குத் தேவையான முன்கதை, தெரிந்தவருக்குச் சலிக்காதபடி அவன் வாய் வழியே வந்து சேர்கிறது. தொலைக்காட்சியோ ஒவ்வொரு பகுதிக்கு முன்னும் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி ஓட்டுகிறது, அல்லது பார்த்துவிட்டு வா என்று கைவிட்டுவிடுகிறது. ‘ஆண்டோர்’ இந்த இடத்தில் தனித்து நிற்பதற்குக் காரணம், முந்தைய படங்கள் எதையும் பார்க்காதவரும் அந்தச் சிறையைப் புரிந்துகொள்ளலாம். பார்த்தவருக்கு அது இன்னொரு மடங்கு வலிக்கும்.

காஞ்சிபுரத்தில் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் பெண்களுக்கும் இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தது. கட்டையும் புஜகீர்த்தியும் கட்டி ஆண்கள் மட்டுமே ஆடிய ஆட்டம் அது. பொன்னுருவி, திரௌபதி, சுபத்திரை எல்லாம் பெண் வேஷம் கட்டிய ஆண்களின் குரலில்தான் பேசினார்கள். இப்போது ஒரு பெண் முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் நடுவே நின்று பொன்னுருவியாக, ஏன், கர்ணனாகவும் பாட முடிகிறது. பாட்டு பழையதுதான், பதினேழாம் நாள் கர்ணன் சாவதும் மாறாது. பிறப்பைச் சொல்லி இழிவுபடுத்தியவளின் தரப்பையும், அப்படிப் பேச அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதையும் எவ்வளவு நேரம் பாடுவது என்ற முடிவு மட்டும் இனி அவர்கள் கையில் இருக்கிறது. விடிய இன்னும் நிறைய நேரம் இருக்கிறது. கிருஷ்ணன் வரும் வரை மேடை அவளுடையது.